குளிர்மலையில் ஒரு பொதுப் பந்தி

தேயிலைக்கு அறுப்புக் காலம் என்று தனியே ஒன்று கிடையாது. நெல்லுக்குத் தை உண்டு. பனைக்குப் பங்குனியும் சித்திரையும் உண்டு. மலேயாவின் கேமரன் மலையிலோ, செடி உறங்குவதற்கு ஒரு பனிக்காலம் இல்லாமையால், ஏறக்குறைய மூன்று வாரத்துக்கொரு முறை அதே செடியில் கொழுந்து தலைகாட்டுவதும், முதுகில் கூடை கட்டிய பெண்கள் அதே நிரையில் மறுபடி நுழைவதுமாக, வருஷம் முழுவதும் ஓயாத ஒரே அறுப்பாகவே காலம் கழிகிறது. முடிகிற வேலைக்குத்தான் முடிவில் ஒரு பண்டிகை பொருந்தும். முடிவே இல்லாத வேலைக்குப் பண்டிகையை எந்தத் தேதியில், எதைச் சாக்காக வைத்து ஏற்படுத்துவது? களத்துமேட்டில் நெல் குவிந்தவுடன் அதில் ஒரு பங்கைக் கோயிலுக்கு அளந்துவிட்டு, மறுவாரமே அறுப்பின் பண்டிகை கொண்டாடிப் பழகிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த மலைக்கு வந்தபோது, அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்த சங்கடங்களில் இதுவும் ஒன்று.

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பதற்கில்லை. நாலு பேர் ஒரே வேதத்தை நம்பினால், ஒரே கூரையின் கீழ்க் கூடினால், சந்தோஷம் தானாக உண்டாகிவிடும் என்று பிரசங்கிமார் சிலர் பேசுவதுண்டு. தோட்டத்துச் சபைகளின் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டிப் பார்த்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். பொழுது விடிவதும் அடைவதும் இன்னொருவன் கையிலிருந்த மணியோசைக்குக் கட்டுப்பட்டவையாக இருந்த இடத்தில், சபையாரின் பொதுவான சந்தோஷம் என்பது தேதி குறித்து, ஆள் பிரித்து, அரிசி சேர்த்து, விறகு வெட்டி உண்டாக்கப்பட்ட ஒரு காரியம். அதற்கு உழைப்பு வேண்டியிருந்தது. அந்த உழைப்பே பாதிச் சந்தோஷமாகவும் இருந்தது.

முதலில் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1885 ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளரான வில்லியம் கேமரன் பஹாங் மாநிலத்தின் மலைத்தொடரில் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்துவைத்தார். தலைமுறை தலைமுறையாக அதன் காடுகளில் வாழ்ந்துவந்த செமாய் மக்களைத் தவிர மற்றவர்களுக்கு, அதற்குப் பின்னும் 40 ஆண்டுக் காலம் அது வரைபடத்தில் ஒரு பெயராகவே இருந்தது. 1925 இல் பிரிட்டிஷ் உயரதிகாரியான சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் வந்து பார்த்து, வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்குவதற்கேற்ற குளிர்வாசஸ்தலமாக இதை ஆக்கலாம் என்று அபிப்பிராயம் சொன்ன பிறகுதான் தானா ராத்தாவில் சோதனைப் பண்ணை ஏற்பட்டது. பேராக் மாநிலத்துத் தாப்பா பட்டணத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதை 1931 இல் தானா ராத்தாவை எட்டியது. அந்தப் பாதை முடியுமுன்பே, 1929 இல், ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர், இலங்கைத் தேயிலையில் தேர்ச்சிபெற்ற ஏ. பி. மில்ன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு 'போ' தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். கூலியாட்களும் கோவேறு கழுதைகளும் ஒரே ஒரு நீராவி உருளையுமாகக் காடு திருத்தப்பட்டது என்பது அத்தோட்டத்தார் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கதை. அந்தக் கூலியாட்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ரஸ்ஸல் 1933 இல் காலமானார். அதே ஆண்டில் வட இந்தியக் குடும்பமொன்றின் பாரத் நிறுவனமும் ஏற்பட்டது. பின்னர் சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி என்று பச்சை விரிந்துகொண்டே போயிற்று.

இதில் ஒரு விபரீதம் உண்டு. உலகமெங்கும் வியாபார மந்தம் சூழ்ந்து, ரப்பரின் விலை தரையில் விழுந்திருந்த நாட்கள் அவை. 1930 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இலட்சத்துக்கு மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் மலேயாவிலிருந்து அரசாங்கச் செலவிலேயே கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கீழே சமவெளியில் ஆள் வேண்டாம் என்று தோட்டங்கள் கதவடைத்துக்கொண்டிருந்த அதே வேளையில், மேலே மலையில் ஆள் வேண்டும் என்று ஒரு தோட்டம் அழைத்தது. ஆகவே இங்கே ஏறி வந்தவர்களில் பலருக்கு இது நாடு விட்டு நாடு வந்த முதல் பெயர்ச்சி அல்ல. ஒருமுறை பெயர்ந்து, வேர் பிடிக்குமுன் மறுமுறையும் பெயர்ந்தவர்கள் அவர்கள். 1938 இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடைசெய்தபின், கங்காணி ஊருக்குப் போய்த் தன் உறவுமுறையாரையே ஆளாகக் கூட்டிவரும் வழக்கமும் நின்றது. இருக்கிறவர்களே இனி ஊரார் என்று ஆயிற்று.

அவர்களுக்குள் கிறிஸ்தவர்கள் எத்தனை பேர்? தோட்டவாரியாகக் கணக்குச் சொல்வதைவிடப் பொதுவான அளவொன்றைச் சொல்லலாம்: 2010 ஆம் ஆண்டின் மலேசிய மக்கள் தொகைக் கணக்கின்படி, அந்நாட்டு இந்தியர்களில் நூற்றுக்கு ஆறு பேர் கிறிஸ்தவர்கள். ஒரு லயத்து வரிசையில் 20 வீடுகள் இருந்தால், அதில் ஒன்றோ இரண்டோ சிலுவை மாட்டிய வீடுகள் என்று கொள்ளலாம். அவற்றிலும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னாற்காட்டுச் சீமைகளிலிருந்து வந்த கத்தோலிக்கர்களே பெரும்பாலும் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். யாழ்ப்பாணத்தார், திருவாங்கூரார், திருநெல்வேலியார் என்போரில் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த பலர் கிராணியாகவோ மருந்துச்சாலைக்காரராகவோ வாத்தியாராகவோ வந்தார்கள். எனவே ஒரு தோட்டத்துக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னால், பிரஜைகளில் சிறுபான்மை. அந்தச் சிறுபான்மையிலும் சபை வேறு, ஊர் வேறு, சாதி வேறு, ஆபீசில் உட்காருகிறவன் வேறு, மழையில் நிற்கிறவன் வேறு. இத்தனை பிரிவுகளுக்கு மத்தியில் பரஸ்பர சந்தோஷம் என்று ஒன்றை உண்டாக்குவது எளிதாக இருந்திருக்க நியாயமில்லை.

சந்தோஷத்துக்கு வேறு வழிகள் தோட்டத்தில் இல்லாமலில்லை. துரைமாரும் அரசாங்கமும் மனமுவந்து அனுமதித்த வழி கள்ளுக்கடை. சம்பள நாளில் கொடுத்த காசில் ஒரு பங்கு சாயங்காலமே அங்கே திரும்பிச் சேர்ந்தது. யுத்தம் முடிந்தபின் 1947 இல் கெடாவில் தொண்டர் படையார் அதை எதிர்த்துக் கிளம்பியபோது தடியடியும் உயிர்ச்சேதமும் நேர்ந்தன என்பதிலிருந்தே, அந்தக் கடை எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பது விளங்கும். இன்னொரு வழி மாரியம்மன் திருவிழா. அது பெரும்பான்மையோரின் விழா. தீமிதியும் காவடியும் நாடகமுமாகத் தோட்டம் முழுவதையும் இழுத்துக்கொள்ளும் வல்லமை படைத்தது. கிறிஸ்தவக் குடும்பங்கள் அதில் பார்வையாளராய் நிற்பதற்கும் நிற்காதிருப்பதற்கும் இடையே ஒவ்வோர் ஆண்டும் தத்தளித்தன. தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு நாளும், அந்த நாளில் பிறரை அழைக்க ஒரு முகாந்தரமும் வேண்டும் என்ற உணர்ச்சி அங்கேதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அதற்கான சாதனங்களைத் தாய்நாட்டிலிருந்தே அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றுள் தலையாயது பந்தி. தமிழ்நாட்டுச் சபைகளில் பந்திக்கு இரண்டு சரித்திரங்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பிரயோஜனமாக இருக்கும்.

முதலாவது, உத்தரவின் பேரில் நடந்த பந்தி. 1833 இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றுக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்காமல் சபையைவிட்டே விலகினார்கள். அவர்களுக்காக வாதாடியவர்களில் மகாகவியான வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர் என்பதை, அவருடைய கீர்த்தனைகளில் நனைந்து வளர்ந்தவர்கள் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. பின்பு 1847 இல் அமெரிக்க மதுரை மிஷனார், தங்கள் ஊழியர்கள் எல்லோரும் ஒரே சமையலில் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று பரீட்சை வைத்தார்கள். உண்ண மறுத்தவர்கள் வேலையிழந்தார்கள். நோக்கம் நியாயமானது, அதை மறுப்பவன் கிறிஸ்தவனென்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லாதவன் என்று மிஷனார் எண்ணியதிலும் தவறில்லை. ஆனாலும், ஒருவன் வாயில் சோறு போவதைக் கணக்குப் புஸ்தகத்தோடு மற்றொருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பந்தியில் நீதி இருக்கலாம்; சந்தோஷம் இருந்திருக்காது. மேல்நாட்டில் இதற்கு மூலமாக இருந்த அன்பின் விருந்தோ அப்படிப் பிறந்ததன்று: 1727 இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில், நெடுநாள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டிருந்த அகதிகளான மொரேவியர்கள் சமாதானமான பின், வீட்டுக்குப் போக மனமின்றிக் கூடி உண்ட எளிய உணவிலிருந்து அது கிளைத்தது, அவர்களிடமிருந்து ஜான் வெஸ்லி அதை எடுத்துக்கொண்டு மெதடிஸ்டுகளுக்குக் கொடுத்தார்.

இரண்டாவது சரித்திரம் அசனத்தினுடையது. திருநெல்வேலிக் கிராமங்களில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையிலும் ஸ்தோத்திரப் பண்டிகையிலும், வீட்டுக்கு வீடு அரிசியும் ஆடும் தேங்காயும் காசும் சேர்த்து, ஊருக்குப் பொதுவில் உலை வைத்து, கிறிஸ்தவன் இந்து என்று பாராமல் வந்தவர்க்கெல்லாம் இலை போடும் வழக்கம் அது. உட்கார்ந்து உண்பவர்கள் ஒரு புறமிருக்க, வீட்டிலே கிடக்கும் நோயாளிக்கும் கிழவிக்குமாகத் தூக்குச்சட்டியில் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. அவர்களை யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. இதற்கு ஆதாரமாக நின்றது பிடி அரிசி: ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோகும் பெண்களின் காணிக்கை. சுற்றுக் கடிதங்கள் சாதிக்க முடியாததை இந்தப் பானை முழுவதும் சாதித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது: அசனத்தில் எல்லோரும் கொடுத்தவர்கள், ஆகையால் எவனும் பரீட்சைக்கு உட்கார்ந்தவனாகத் தன்னை உணரவில்லை. மலேயாவுக்குக் கப்பலேறி வந்தது இந்தப் பந்திதான். தோட்டத்துக் கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியிலிருந்தே ஒரு பிடி எடுத்துவைக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் இங்கே புதிது.

பந்தி வந்தால் போதாது. அதை நடத்த ஒரு சபை வேண்டும். மலேயாவில் தமிழ்ச் சபைகள் பல வாய்க்கால்களில் வந்து சேர்ந்தன. பாரிஸ் மிஷன் குருக்களில் ஒருவரான ரெனே ஃபே, 1882 இல் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே ஒரு குடியேற்றத்தை ஏற்படுத்தினார். கோலாலம்பூரில் தமிழர்களுக்காக அந்தோணியார் கோயில் 1910 இல் எழுந்தது. தரங்கம்பாடி மரபின் லுத்தரன் குருமார் 1907 முதல் மலேயாவிலுள்ள தமிழர்களுக்கு ஊழியம் செய்ய வரலானார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அவர்களுடைய சீயோன் ஆலயம் 1924 இல் கட்டப்பட்டது. மெதடிஸ்டுகளின் முன்னோடியான ஓல்ட்ஹாம், பெங்களூரில் பிறந்து இந்தியாவிலிருந்தே 1885 இல் சிங்கப்பூருக்கு வந்தவர். அவர் தொடங்கிய சபையின் தமிழ்ப் பிரிவு 1968 இல் தனி மாநாடாக நிர்வாகம் பெற்றது.

இந்த ஸ்தாபனங்களெல்லாம் சமவெளியில் ரயில் பாதையை ஒட்டி இருந்தன. கேமரன் மலை பஹாங்கைச் சேர்ந்ததானாலும், மேலே ஏறுவதற்குப் பேராக்கின் வழியன்றி வேறு வழி இந்த நூற்றாண்டின் தொடக்கம்வரை இருக்கவில்லை. அரிசி, தபால், வைத்தியர், குருவானவர் ஆகிய நான்கும் தாப்பாவிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் வளைவுகளைக் கடந்தே வர வேண்டும். மண் சரிந்தால் நான்கும் வராது. ஆகவே தோட்டத்துச் சபைகளில் பொதுவாக நடந்ததே இங்கேயும் பெருமளவில் நடக்க வேண்டியதாயிற்று: எப்போதோ வருகிற குருவானவரைவிட, எப்போதும் இருக்கிற உபதேசியாரே சபைக்கு உயிராக இருந்தார். அவர் பெரும் படிப்பாளியாக இருக்க வேண்டியதில்லை. ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், ஊருக்குக் கடிதம் எழுதிக்கொடுப்பார், புருஷன் பெண்சாதி சண்டையை விலக்குவார், எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டைத் தொடங்கிவைப்பார்.

பாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசலாம். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் பாட்டுப் புஸ்தகம் பாமாலை, கீர்த்தனை என்று இரண்டு பாகமானது. பாமாலை மேல்நாட்டு ராகங்களுக்குத் தமிழ்ச் சொற்களைப் பொருத்தியது. ஆர்கன் இருந்தால் சிறக்கும். எழுத்தறிந்தவன் கையில் புஸ்தகத்தோடு நின்று பாடுவதற்கேற்றது. கீர்த்தனையின் கட்டுமானம் வேறு. பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்ற அதன் ஒழுங்கில், சரணத்தை உபதேசியார் எடுத்துச் சொல்லி முடித்தவுடன் எல்லோரும் பல்லவிக்குத் திரும்பி விழுகிறார்கள். எழுத்தே அறியாத கிழவிக்கும், நேற்று வந்து சேர்ந்த மருமகளுக்கும், வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைக்கும் இரண்டு சுற்றுக்குள் பல்லவி மனப்பாடமாகிவிடும். மூன்றாவது சுற்றில் தாளம் ஒரு மாத்திரை ஏறும். ஜால்ராக்காரன் யார் தடுத்தும் கேட்கமாட்டான். ஐந்தாவது சரணத்துக்குள் உபதேசியாரின் குரல் எங்கே போயிற்றென்று தெரியாது. ஒருவர் பாட நூறு பேர் கேட்பது கச்சேரி. ஒருவர் தொடங்க எல்லோரும் அவரை மூழ்கடித்துவிடுவது சபைப் பாட்டு. ஒரு ஜோடி ஜால்ராவும், கிடைத்தால் ஓர் ஆர்மோனியமும் தவிர வேறு செலவில்லாத இந்த ஏற்பாடு, கூரையில் மழை விழும் தகரக் கொட்டகைக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதைத் தஞ்சாவூர் அரண்மனைச் சூழலில் பழகிய சாஸ்திரியார் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்.

கிறிஸ்துமஸ் காலத்தில் இந்தப் பாட்டு வெளியே கிளம்பும். மலேயாத் தோட்டங்களின் கேரல் சுற்று ஒரு தனிச் சம்பிரதாயம். கேமரன் மலையில் அது மழைக்காலத்தின் வால். இரவில் குளிர் 15 பாகைக்கும் கீழே இறங்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னே நடக்க, கம்பளித் துண்டும் குல்லாயுமாகப் பெரியவர்களும், போர்வைக்குள் ஒண்டிய பிள்ளைகளுமாக, லயத்துக்கு லயம், சரிவுக்குச் சரிவு ஏறி இறங்கி, கிறிஸ்தவர் வீடு முடிந்தவுடன் நின்றுவிடாமல் அடுத்த வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும் வாங்கி உண்டவர்கள், மார்கழியில் அந்த வீட்டைத் தாண்டிப் போவது மரியாதையாகாது. அந்த வீட்டுக்காரரும் கதவைத் திறந்துவைத்து, பால் கலந்த தேத்தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொடுத்து, தட்டில் ஒரு வெள்ளி போடுவார். பண்டிகை நாளில் வீட்டுக் கதவை எல்லா இனத்தாருக்கும் திறந்துவைக்கும் திறந்த இல்ல உபசரிப்பை மலேசியாவின் தேசிய வழக்கமென்று இன்று அமைச்சர்கள் மேடையில் புகழ்கிறார்கள். லயத்து வீடுகளுக்கு அதை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

இனி மலையின் அசனத்துக்கு வருவோம். ஐந்தாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கொதிக்கிற நீரின் உஷ்ணம் குறைவாகையால் பருப்பு வேகாது, ஆட்டுக்கறி இளகாது, சமவெளிக் கணக்கில் உலை வைத்தவனுடைய சோறு நடுவில் அரிசியாகவே நிற்கும். 200 பேருக்கு அண்டாவில் சமைக்கிறபோது இந்த விஞ்ஞானம் ஒரு மணி நேரத்துக்கு மேலான தாமதமாக உருவெடுக்கும். ஆகவே நண்பகல் பந்திக்கு விடியுமுன்பே அடுப்பு மூட்ட வேண்டும். அதற்கு முன்னிரவிலேயே வெங்காயம் உரித்து, இஞ்சி தட்டி, தேங்காய் துருவி முடிக்க வேண்டும். மழையில் நனைந்த விறகு புகையும். கண்ணெரிச்சலோடு விறகைத் திருப்புகிறவன் பகலில் கொழுந்து நிறுக்கும் கங்காணியாக இருப்பான். அவனுக்கு உத்தரவிட்டுக்கொண்டு கரண்டியோடு நிற்பவன் அவனிடம் தினமும் ஏச்சு வாங்குகிற ஆளாக இருப்பான். சமையல் தெரிந்தவனே அந்த ஓர் இரவுக்குத் தலைவன். பெண்கள் பக்கத்தில் உரித்துக்கொண்டே பேசுகிற பேச்சில், ஒரு வருஷத்துச் செய்தி முழுவதும் பரிமாறப்பட்டுவிடும். இரண்டு வீடுகளுக்கிடையே பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தால், அது திரும்பத் தொடங்குவதும் பெரும்பாலும் ஒரு கூடை வெங்காயத்துக்கு எதிரெதிரே உட்காரவைக்கப்பட்டபோதுதான். அப்படி உட்காரவைப்பதில் சாமர்த்தியமான ஒரு மூதாட்டி ஒவ்வொரு சபையிலும் இருப்பாள்.

அறுப்பின் பண்டிகைச் சங்கடத்துக்கும் வழி பிறந்தது. தேயிலை துரையினுடையது; அதைக் காணிக்கையாகக் கொண்டுவர முடியாது. ஆனால் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடி நிலத்தில் விளைகிற கோஸும் தக்காளியும் பூசணியும், கூண்டில் வளர்கிற கோழியும் அவர்களுடையவை. அவற்றைப் பீடத்தின் முன் அடுக்கி, ஆராதனை முடிந்தபின் ஏலம் விடுவது தமிழ்ச் சபைகளின் பொது வழக்கம். கடையில் சில காசுக்குக் கிடைக்கும் பூசணி ஐந்து வெள்ளிக்கு ஏறும், வாங்கியவர் அதைக் கோயிலுக்கே திருப்பிக்கொடுப்பார், மறுபடி ஏலம், இன்னொருவர் ஏழு வெள்ளி. கிராணிகள் இருவர் ஒரு சேவலுக்காக மோதிக்கொள்ளும்போது மற்றவர்கள் அடைகிற ஆனந்தம், அன்றைய பிரசங்கத்தால் கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. காசில்லாதவன் வெறுங்கையோடு நின்று சிரிப்பதற்கும் அங்கே இடமிருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நின்று சிரிக்க மட்டுமே முடிந்தவனுக்கு அந்தச் சிரிப்பு எத்தனை ஆண்டு இனித்திருக்கும் என்பதையும் நினைக்க வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தார்கள். வெள்ளைக்காரக் குருமார் பலர் சிறைப்பட்டார்கள். தமிழ்நாட்டுச் சபைகளோடு கடிதப் போக்குவரத்தும் அற்றுப்போயிற்று. மலேயாத் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர்களில் மிகப் பலர் திரும்பவேயில்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு உண்ட அந்த ஆண்டுகளில் அசனமும் ஏலமும் நடந்திருக்க முடியாது. மேலிடத்தின் கண்காணிப்பு இல்லாமலே உபதேசியார்களும் உள்ளூர்க் குருமாரும் சபைகளைக் கட்டிக்காத்தார்கள். யுத்தத்துக்குப் பின் மலேயாச் சபைகள் ஒவ்வொன்றாகத் தன்னாட்சிக்கு நகர்ந்ததற்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

மலையில் இன்னொரு கிறிஸ்தவ உலகமும் இருந்தது. தானா ராத்தாவில் மடத்துப் பள்ளியும், பிரிட்டிஷ் ராணுவத்தார் பிள்ளைகளுக்கான சிலிம் பள்ளியும் இருந்தன. சீனாவிலிருந்து வெளியேற நேர்ந்த சீன உள்நாட்டு மிஷனார், தங்கள் பிள்ளைகளுக்கான சீஃபூ பள்ளியை 1952 முதல் 2001 வரை இந்த மலையில் நடத்தினார்கள். அரைவட்டத் தகரக் கூரையுடைய ராணுவக் கொட்டகையொன்று 1950 களின் இறுதியில் சகல ஆத்துமாக்கள் ஆலயமாக மாறி, ஆங்கில ஆராதனைக்கு இடமாயிற்று. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தால் பிரசித்தி பெற்ற அமெரிக்கரான ஜிம் தாம்ஸன், 1967 மார்ச் 26 அன்று, ஈஸ்டர் காலை ஆராதனைக்கு இங்கே வந்துபோய், அன்று பிற்பகலே தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலவப் போனவர் காணாமற்போனார். இன்றுவரை அவர் கதி துலங்கவில்லை. உலகத்துப் பத்திரிகைகளுக்குக் கேமரன் மலையின் ஈஸ்டர் என்றால் அந்த ஒரு ஈஸ்டர்தான். ஒரு கனவானைக் காணோமென்று அப்போது மலை முழுவதும் தேடினார்கள், தேட வேண்டியதுதான். சயாம் ரயில்பாதையில் காணாமற்போன தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பட்டியலைக் கூட யாரும் முழுதாகத் தேடி எடுக்கவில்லை என்பதும் உடன் ஞாபகத்துக்கு வருகிறது.

தமிழ்ச் சபையின் பந்தியைப் பற்றியும் வெறும் புகழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளலாகாது. ஒரே பந்தியில் உண்டவர்கள் சம்பந்தம் என்று வந்தபோது பழைய சாதியையே விசாரித்தார்கள். கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் ஒரே லயத்தில் சுவரடுத்து வாழ்ந்தும், ஒருவர் பண்டிகைக்கு மற்றவர் கோயிலுக்குள் நுழையத் தயங்கிய காலம் நெடியது. அந்த விஷயத்தில் இந்து அயலார் காட்டிய தாராளத்தை அவர்கள் தங்களுக்குள் காட்டிக்கொள்ளவில்லை. வெங்காயம் உரிக்கும் பெண்களுக்குச் சபைக் கமிட்டியில் நாற்காலி கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கிராணியின் குடும்பம் முதல் பந்தியில் உட்கார்ந்ததும் உண்டு. ஆயினும், வாரம் ஆறு நாளும் யார் யாருக்குக் கீழே என்பதைப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு நிலைநாட்டிய ஓர் ஏற்பாட்டுக்குள், வருஷத்தில் சில நாளாவது அந்த வரிசை கலைந்தது என்பது அற்பமானதல்ல.

1969 க்குப் பின் குடியுரிமை பெறாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்ற சட்டம் அமலாக்கப்பட்டபோது மலேயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மறுபடி கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் படித்து, ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். அவர்கள் விட்டுப்போன நிரைகளில் இன்று வங்காளதேசத்தாரும் நேபாளத்தாரும் இந்தோனேசியரும் நிற்கிறார்கள். கை பறித்த கொழுந்தைப் பெரும்பாலும் இயந்திரம் வெட்டுகிறது. சிம்பாங் பூலாய் வழியாக இரண்டாவது பாதையும் வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் இரண்டு பாதைகளும் உல்லாசப் பிரயாணிகளின் கார்களால் நிறைந்துவிடுகின்றன. அந்த நெரிசலுக்கு நடுவே, டிசம்பர் கடைசி வாரத்தில், தோட்டத்தைவிட்டுப் போனவர்கள் பிள்ளைகுட்டிகளோடு தாய் தகப்பனைப் பார்க்க ஏறி வருகிறார்கள்; வருஷக் கடைசி இரவு ஆராதனையில் உட்கார்ந்து, மறுநாள் வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஹெர்ன்ஹூட் மொரேவியர்கள் 1731 இல் அச்சிடத் தொடங்கிய தினவசனப் புஸ்தகத்துக்கு அந்த அட்டை தூரத்து உறவு என்பது எடுக்கிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதால் ஒரு குறைவுமில்லை.

பந்தி மட்டும் மாறிக்கொண்டு வருகிறது. தோட்டப்புறச் சபைகள் பலவற்றில் இப்போது உணவைக் கேட்டரிங்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள். பிரியாணி நேரத்துக்கு வேனில் வந்து இறங்குகிறது, சூடாக இருக்கிறது, யாருக்கும் கண் எரிவதில்லை. விறகும் அண்டாவும் தூக்க ஆளில்லாத இடத்தில் வேறு என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானதே. பெரியவர்களோ இதைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. அவர்களுடைய விசாரமெல்லாம் இளைஞர்கள் ஆராதனையில் கிட்டாரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பதிலும், கீர்த்தனைக்கு நடுவே மலாயும் ஆங்கிலமும் கலந்து பாடுகிறார்கள் என்பதிலும் நிற்கிறது. அடுப்பு போனதற்கு வருத்தப்பட்டிருந்தால் நானும் அவர்களோடு உட்கார்ந்து வருத்தப்பட்டிருப்பேன். கிட்டாருக்காக வருந்துவதற்கில்லை, அவர்கள் கட்டிக்காக்க நினைக்கிற ஆர்மோனியமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸில் பிறந்து வந்து சேர்ந்த சரக்குத்தான்.